மண்டபம் எடைமேடையில் நான்காண்டு: பைத்தானின் டெம்ப்ஃபைல் தொகுதி பற்றிய மதிப்புரை

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் நண்டும் இறாலும் கணவாயும் வாங்கும் ஒரு கொள்முதல் கூடத்துக்கு, படகுக்குச் சிட்டை போடும் நிரலை எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். எடைமேடையில் பெட்டி ஏறியவுடன் தராசின் படத்தை எடுத்து, அதைச் சுருக்கி, எடை, விலை, ஐஸ், டீசல், முன்பணப் பிடித்தம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு பக்கப் பிடிஎஃப் ஆக்கி, அச்சிட்டும் வாட்ஸப்பில் அனுப்பியும் படகுக்காரரிடம் சேர்ப்பது அதன் வேலை. ஒரு சிட்டை உருவாகி முடிவதற்குள் ஐந்தாறு கோப்புகள் பிறந்து மறைய வேண்டும். அவற்றை உருவாக்கவும் துடைக்கவும் 2021 ஜூன் முதல் நான் நம்பியிருப்பது பைத்தான் மொழியோடு இலவசமாகவே வரும் டெம்ப்ஃபைல் தொகுதி. தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. இம்போர்ட் என்ற ஒரு வரி போதும். நான்காண்டு கைப்பழக்கத்தில் இதன் எந்தப் பகுதியை நம்பலாம், எந்தப் பகுதியை நம்பித் தூங்கக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இதற்கு முன்பு தற்காலிகக் கோப்புக்கு நானே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். நாள், மணி, நிமிடம், வினாடி ஆகியவற்றை ஒட்டி ஒரு பெயர். அந்தக் கோப்பில் எடைக் குறிப்பு. பிறகு அதைத் திறந்து படித்துச் சிட்டை. எடைமேடை ஒன்றாக இருந்தவரை இதில் குறை தெரியவில்லை. இரண்டாவது எடைமேடை வந்து, இரண்டு கணினிகளும் ஒரே பகிர்வு அடைவில் (ஃபோல்டரில்) எழுதத் தொடங்கிய சில வாரங்களில், நாட்டுப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சிட்டையை மடித்தபடி கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றார். "தம்பி, நமக்கு நண்டு பதினெட்டுக் கிலோதான நின்னுச்சு, சிட்டையில முப்பத்தொண்ணுன்னு போட்டுருக்கீங்க. யாரு காசு தம்பி இது?" என்று கேட்டார். "பாத்துச் சொல்றேண்ணே" என்று வாங்கி வைத்துக்கொண்டு அன்றைய பதிவுகளைத் தேடினேன். இரண்டு எடைமேடைகளிலும் ஒரே வினாடியில் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு முதல் கோப்பின் மேல் எழுதப்பட, பெரியவரின் பெயருக்குக் கீழே வேறொரு படகின் எடை ஏறியிருந்தது. அவர் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. அதற்கு முன் எத்தனை சிட்டைகள் அப்படிப் போயிருக்கும் என்ற கவலையில் மூன்று வாரத்துச் சிட்டைகளைத் தராசுப் படங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன்.

டெம்ப்ஃபைல் தொகுதியின் முதல் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிறிய ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு என 37 குறிகளிலிருந்து 8 குறிகளைத் தற்போக்காக எடுத்து அது பெயர் வைக்கிறது. அப்படி அமையக்கூடிய பெயர்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் கோடி. அந்த எண்ணிக்கையைக்கூட அது முழுதாக நம்புவதில்லை என்பதே எனக்குப் பிடித்த செய்தி. "இந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இல்லை என்றால் மட்டும் உருவாக்கு" என்று இயங்குதளத்திடம் ஒரே மூச்சில் கேட்கிறது. இருந்துவிட்டால் அடுத்த பெயருக்குப் போகிறது. இல்லை என்று பார்ப்பதும் உருவாக்குவதும் தனித்தனி அடிகளாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே வேறொரு நிரல் நுழைந்துவிடும். ஜெட்டியில் இடம் காலியாக இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் இன்னொரு படகு கயிறு கட்டிவிடுவதைப் போன்றது அது. இதே தொகுதியில் எம்கேடெம்ப் என்ற பழைய செயற்கூறு (ஃபங்ஷன்) பெயரை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்த இடைவெளிக் குறைக்காகவே 2003-இல் வந்த பைத்தான் 2.3 பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி நிரல்களில் அது இன்னும் உலவுகிறது. கண்ணில் பட்டால் தொடாதீர்கள்.

அனுமதிகளிலும் கவனம் காட்டியிருக்கிறார்கள். லினக்ஸில் எம்கேஎஸ்டெம்ப் என்ற செயற்கூறு உருவாக்கும் கோப்பை உருவாக்கிய பயனர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும். எம்கேடிடெம்ப் என்ற செயற்கூறு உருவாக்கும் அடைவுக்குள்ளும் அவர் மட்டுமே நுழைய முடியும். எங்கள் சிட்டையில் ஒருவரின் முன்பண பாக்கியும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. ஊருக்குள் ஒருவர் வாங்கிய முன்பணம் இன்னொருவர் வாயில் விழுந்தால் என்ன பேச்சு எழும் என்று இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி துடைப்பது. இங்கே தொகுதியின் பகுதிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன, ஆவணத்தைப் பொறுமையாகப் படிக்காதவர்கள் இடறி விழுவதும் இங்கேதான், நானும் விழுந்தேன். பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க முதலில் எம்கேஎஸ்டெம்பை எடுத்தேன். அது இரண்டைத் தருகிறது: ஏற்கெனவே திறந்து வைத்த கோப்பை நிரல் கையாள உதவும் விவரிப்பு எண், கோப்பின் பாதை. விவரிப்பை மூடுவதும் கோப்பை அழிப்பதும் முழுக்க நம் பொறுப்பு. நான் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டு விவரிப்பை மூடாமல் விட்டேன். திறந்திருக்கும் கோப்பை விண்டோஸ் அழிக்க விடவில்லை. அந்தப் பிழைச்செய்தியையும் நிரல் நிற்கக் கூடாதே என்று நானே விழுங்க வைத்திருந்தேன். தற்காலிக அடைவை டி டிரைவில் தனியாக அமைத்திருந்ததால் விண்டோஸின் துப்புரவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தொழில் நடக்கும் நாளுக்கு அரை ஜிபி என்று சுருக்காத படங்கள் சேர்ந்துகொண்டே போய், பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் வட்டு நிரம்பிச் சிட்டை நின்றது. பெட்டிகளில் ஐஸ் உருகி ஓட, எடை போட்டவர்கள் கையால் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அடைவைத் திறந்து பார்த்தபோது ஏறக்குறைய 40 ஜிபி அளவுக்கு, டிஎம்பி என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக நின்றன.

அதன் பிறகு நான் முழுதாக மாறிக்கொண்டது டெம்பரரிடைரக்டரிக்கு. 2011-இல் 3.2 பதிப்போடு வந்த இந்த ஒரு வசதிக்காகவே இந்தத் தொகுதியைப் பரிந்துரைப்பேன். வித் என்று தொடங்கும் ஒரு வரியில் அடைவு பிறக்கிறது. அந்த வரிக்குக் கீழ் எழுதும் நிரல் கட்டம் முடிந்ததும் உள்ளே இருப்பவற்றோடு சேர்ந்து அடைவும் போய்விடுகிறது. இடையில் பிழை எழுந்து கட்டம் பாதியில் முறிந்தாலும் துடைப்பு நடக்கும். இப்போது எங்கள் நிரலில் ஒரு சிட்டைக்கு ஓர் அடைவு. முன்னொட்டாகத் தமிழிலேயே 'சிட்டை' என்று கொடுத்திருக்கிறேன், விண்டோஸும் லினக்ஸும் மறுப்பில்லாமல் ஏற்கின்றன. தராசுப் படம், சுருக்கிய படம், எடைக் குறிப்பு, அரைகுறைப் பிடிஎஃப் எல்லாம் அந்த அடைவுக்குள்ளே எளிய பெயர்களில் கிடக்கும். அடைவின் பெயர் தனித்தது என்பதால் உள்ளே ஒவ்வொரு முறையும் 'படம் ஒன்று' என்றே பெயர் வைக்கலாம். பெயருக்காக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ஐந்தாறு கோப்புகளைத் தனித்தனியாக நினைவில் வைத்து அழிப்பதைவிட ஓர் அடைவை அழிப்பது எளிது என்பது, எழுதிப் பார்த்தால் உடனே தெரியும்.

தொகுதியின் இன்னொரு பகுதியான நேம்டுடெம்பரரிஃபைல் பற்றி அவ்வளவு மனநிறைவோடு சொல்ல முடியவில்லை. பெயருள்ள தற்காலிகக் கோப்பைத் தந்து, மூடியவுடன் தானே அழித்துவிடும் என்பது அதன் வாக்கு. விண்டோஸில் அந்தக் கோப்பு நம் கையில் திறந்திருக்கும்வரை வேறொரு நிரலால் பெயரைச் சொல்லித் திறக்க இயலாது. நாம் மூடினால் அழிந்துவிடும். அச்சிடும் நிரலிடம் ஒரு பிடிஎஃபைக் கொடுக்க நினைப்பவருக்கு இது இரு பக்கமும் அடைத்த வழி. அழிக்காதே என்று சொல்லிவிட்டு நாமே அழிப்பதுதான் வெகுகாலம் ஒரே மாற்றாக இருந்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் மூடும்போது அழிக்காமல் வித் கட்டம் முடியும்போது அழிக்கும்படி ஓர் அளபுருவை (பாராமீட்டரை) சேர்த்தார்கள். அதற்குப் பிறகே இது விண்டோஸில் உருப்படியானது. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சிடும் நிரலைக் கூப்பிட்டுவிட்டு அது முடிவதற்குக் காத்திராமல் நம் கட்டத்தை முடித்தால், அது கோப்பைப் படிக்கும் முன்பே நாம் அழித்திருப்போம். எங்கள் அச்சுப்பொறி சில சமயம் வெறும் தாளைத் தள்ளிக்கொண்டிருந்ததற்குக் காரணம் மை தீர்ந்ததுதான் என்று ஒரு வாரம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

வேறு எந்த நிரலும் பெயர் சொல்லித் திறக்க வேண்டாத கோப்பு என்றால், லினக்ஸில் டெம்பரரிஃபைல் எல்லாவற்றிலும் பத்திரமானது. அங்கே அந்தக் கோப்புக்கு அடைவில் பெயரே இருக்காது, ஆகவே நிரல் எப்படிச் செத்தாலும் குப்பை மிஞ்சாது. சிறிய தரவை நினைவகத்திலேயே வைத்திருந்து அளவு மீறினால் மட்டும் வட்டுக்கு இறக்கும் ஸ்பூல்டுடெம்பரரிஃபைலும் உண்டு. எனக்கு அதன் தேவை வரவில்லை.

டெம்பரரிடைரக்டரி நிரல் உயிரோடு இருந்தால்தான் துடைக்கும். இதை ஆவணம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உப்புக்காற்றில் யுபிஎஸ்ஸின் இணைப்புகள் பச்சை பூத்துப் போகும் எங்கள் கரையில், வடகிழக்குப் பருவ மழை நாட்களில் மின்சாரம் போகும்போது கணினியும் கூடவே போகும். அந்த நொடியில் திறந்திருந்த வித் கட்டம் முடிவதே இல்லை. அடைவு அப்படியே கிடக்கும். லினக்ஸில் ஒரு சேவையை நிறுத்தச் சொல்லும்போது வரும் சிக்டெர்ம் சமிக்ஞைக்கும் பைத்தான் எதையும் துடைக்காமல் உடனே மடிந்துவிடுகிறது. அந்தச் சமிக்ஞையைப் பிடித்து முறையான வெளியேற்றமாக மாற்றும் மூன்று வரிகளை நாமே எழுத வேண்டும். எழுதினால் வித் கட்டங்கள் ஒழுங்காக முடிகின்றன. மின்வெட்டுக்கு அதுவும் உதவாது. ஆகவே நிரல் தொடங்கும்போதே, 'சிட்டை' என்ற நம் முன்னொட்டோடு ஒரு நாளுக்கு மேல் பழையதாகக் கிடக்கும் அடைவுகளை மட்டும் பார்த்து அழிக்கும் ஒரு துடைப்பத்தைச் சேர்த்திருக்கிறேன். முன்னொட்டையும் வயதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வயதைப் பாராமல் அழித்தால், அடுத்த எடைமேடையில் அந்த நேரம் உருவாகிக்கொண்டிருக்கும் சிட்டையின் அடைவையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இத்தகைய துடைப்பம் தொகுதியிலேயே இருந்திருக்கலாம், இல்லாதது குறை.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்றையும் பார்த்தேன். எல்லா எடைமேடைக் கணக்குகளையும் ஒன்றுசேர்க்கும் அலுவலகக் கணினியில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை ஓடுகிறது. அதில் நிரல் தொடங்கும்போது ஒரு தற்காலிக அடைவை உருவாக்கி, நிரல் ஓடும்வரை அதையே வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் நின்றன. நிரல் வேலையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. 61 நாள் கழித்து ஜூன் 15-இல் தடை நீங்கி, மறுநாள் முதல் பாடு (பிடித்த மீன்) வந்தபோது அப்படி ஓர் அடைவே இல்லை என்று நிரல் கைவிரித்தது. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தன் இயல்பமைப்பில் டிஎம்பி அடைவில் 10 நாளும் வார் டிஎம்பி அடைவில் 30 நாளும் யாரும் தொடாமல் கிடப்பவற்றைத் துடைத்துவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதில் டெம்ப்ஃபைல் மீது குற்றமில்லை. நெடுநேரம் ஓடும் நிரலில் தற்காலிக அடைவை வேலை வரும்போது உருவாக்கி வேலை முடிந்ததும் விட்டுவிடுவதே சரி.

இடம் பற்றியும் ஒரு சொல். நாம் எதுவும் சொல்லாவிட்டால் டிஎம்பிடிர், டெம்ப், டிஎம்பி என்று இயங்குதளத்தில் அமைத்திருக்கும் சூழல் மாறிகளை இந்த வரிசையில் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும். எழுதி முடித்த கோப்பை இறுதி இடத்துக்கு ஒரே அடியில் மாற்றிவைக்கும் ரீப்ளேஸ் செயற்கூறு, இரண்டு இடமும் ஒரே கோப்பு முறைமையில் இருந்தால்தான் வேலை செய்யும். இறுதிச் சிட்டை டி டிரைவில் என்றால் தற்காலிக அடைவையும் அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். அதற்கு டிர் என்ற அளபுரு இருக்கிறது.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் 3.12-க்கோ அதற்கு மேலோ போய்விடுவது நல்லது. நேம்டுடெம்பரரிஃபைலின் திருத்தத்தோடு, டெம்பரரிடைரக்டரியையும் பிழைதேடும்போது அழிக்காமல் நிறுத்தி வைத்து உள்ளே பார்க்கும் வசதி அந்தப் பதிப்பில்தான் வந்தது. அழிக்கும்போது எழும் பிழைகளைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் அளபுரு 3.10 முதலே உண்டு. நான் அதைப் பயன்படுத்துவதில்லை, பிழையை விழுங்கிய பலனை ஒருமுறை பார்த்தாயிற்று. எங்கள் துடைப்பம் தினமும் காலையில் எத்தனை அடைவுகளை அள்ளியது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறது. பெரும்பாலும் அதில் சுழியம்தான். மின்சாரம் போன இரவுகளின் மறுநாளில் ஒன்றோ இரண்டோ.