வாங்கும்போது கண்ணாடி, மூன்றாம் வாரம் வெள்ளைப் பூ: அலுமினிய வீலை பாலிஷுக்குக் கொடுக்கும் முன்

கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு) இல்லாத அலுமினிய கார் வீல் நான்கும் பாலிஷ் கடையிலிருந்து கண்ணாடி மாதிரி திரும்பி வந்தன. மூன்றாம் வாரமே ஸ்போக் (நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கை) இடுக்குகளில் வெள்ளைப் பூ, அதாவது அரிப்பின் வெள்ளைப் படிவு, பூத்துவிட்டது. வெளி விளிம்பில் மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரிகின்றன. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதில் நடந்தது தெரியவந்தது.

பிரேக் தூசி சீக்கிரம் போக ஆசிட் கிளீனர் அடித்திருக்கிறார்கள். வெறும் அலுமினியம் ஆசிட்டையும் தாங்காது, காஸ்டிக்கையும் தாங்காது. அதைக் காக்கும் ஆக்சைடு படலம் ஏறக்குறைய பிஎச் 4-க்கும் 8.5-க்கும் நடுவில்தான் நிலைக்கும். அரித்த இடம் சாம்பலாக மங்கும். வெளியே பஃப் (சுழலும் துணிச் சக்கரம்) அடித்து மறைத்துவிடலாம். பஃப் எட்டாத இடுக்கில் மறைக்க முடியாது. கழுவாமல் விட்ட ஆசிட் அங்கேயே இருந்து அரித்துக்கொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, உப்புத்தாள் தேய்ப்பில் படிகளைத் தாண்டியது. 320 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூட மென்மை) போட்டுவிட்டு நேராக பஃபுக்குப் போயிருக்கிறார்கள். முறையாகச் செய்தால் 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். ஆழமான கீறல் இருந்தால்தான் 320-இல் தொடக்கம். சோப்புத் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். ஒரு நம்பரை நெடுக்கே தேய்த்தால் அடுத்ததைக் குறுக்கே தேய்க்க வேண்டும். முந்தைய கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த தாள். அதன் பின் பஃபில் பூசும் மெருகு மெழுகான காம்பவுண்ட்: முதலில் பழுப்பு ட்ரிபோலி, கடைசியில் வெள்ளை. ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் தனித்தனி காட்டன் பஃப், கலந்தால் புதுக் கீறல் விழும். இத்தனைக்கும் ஒரு வீலுக்குப் பல மணி நேரம் ஆகும். நான்கும் அன்று மாலையே ரெடி என்றால் சந்தேகப்படுங்கள்.

தாள்களைத் தாண்டினாலும் பளபளப்பது ஏன்? பஃப் கீறலின் ஓரத்தை மழுக்குகிறது, காம்பவுண்டில் உள்ள கொழுப்பும் மெழுகும் பள்ளத்தை அடைத்துக்கொள்கின்றன. நான்கு முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் அடைப்பு போய்விடும், கோடு எழுந்துவிடும். ஆகவே கடையிலிருந்து வீலைத் திரும்ப வாங்கும்போதே ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் உள்ளங்கை அளவு இடத்தை அழுத்தித் துடையுங்கள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் வீலை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். ஒரே திசையில் இணைகோடுகள் மின்னினால் அது தாளின் கோடு. பணம் கொடுக்காதீர்கள்.

உயிருக்கே ஆபத்தான கோளாறு கண்ணில் படாத இடத்தில் இருந்தது: லக் நட் (வீலை வண்டியில் இறுக்கும் நட்) உட்காரும் சரிவிலும் பஃப் ஓட்டி, காம்பவுண்டைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள். அங்கே மெழுகு இருந்தால் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) காட்டும் அளவும் நட்டின் உண்மையான பிடியும் வேறு வேறு. நட் சரிவு, ஹப்பில் (வீல் மாட்டும் அச்சு முனை) பொருந்தும் முகம், டயர் விளிம்பு அமரும் இடம் மூன்றையும் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். மாட்டி 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், வீல் ஆறியபின் டார்க்கை மறுபடி சரிபாருங்கள்.

"கிளியர் அடித்துத் தருகிறோம், இனி பாலிஷே வேண்டாம்" என்பதையும் நம்ப வேண்டாம். கண்ணாடி போல வழவழத்த பரப்பில் கிளியர் சரியாகப் பிடிக்காது. ஒரு கல் பட்டுத் தெறித்தால் போதும், ஈரமும் உப்பும் புகுந்து அடியில் புழு ஊர்ந்த மாதிரி நூல் நூலாக அரிப்பு ஓடும். பழைய பெயின்டை அடுப்பில் வைத்து எரித்து எடுப்பதற்கும் சம்மதிக்காதீர்கள்: டி6 என்னும் வெப்பப் பதத்தால் வலுவேற்றிய அலாய் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வலு இழக்கும்.

வெறும் வீலுக்கு வீட்டுப் பராமரிப்பே போதும். வீல் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். நடுநிலை பிஎச் ஷாம்புவால் கழுவி, இடுக்குகளைக் காற்றடித்து உலர்த்தி, மாதம் ஒருமுறை சீலன்ட் (ஈரத்தைத் தடுக்கும் காப்புப் பூச்சு) பூசுங்கள். மெட்டல் பாலிஷை மங்கினால் மட்டும் போடுங்கள், துணி கருப்பாவது உலோகமே தேய்ந்து வருவதால்தான். இரும்பு நாரைத் தொடவே வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருப்புள்ளி வைக்கும்.