மேடைக்காரனுக்கு ஒரு ஐந்து கம்பி பேஸ்

பெங்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்த பேஸ் கிட்டார் இது. பெட்டி இல்லாமல் 1,35,000 ரூபாய். விலையைக் கேட்டதும் எங்கள் குழு டிரம்மர், "இதுல பாதிக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் வாங்கலாமேண்ணே" என்றான். வாங்கலாம்தான். ஆனால் பைக்கை ஒரு முகூர்த்த நாளில் நான்கு மணி நேரம் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கப் போவதில்லை.

நான் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா, இவைதான் என் மேடைகள். ஸ்டுடியோவுக்காகச் செய்த பேஸைப் பற்றி யூடியூபில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள். மண்டபத்துக்காகச் செய்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஐந்து கம்பி? நான்கு கம்பி பேஸில் அடிக்கம்பியின் சுரம் இ (E), 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. பாடகருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தால் "மூணு கட்டை வேணாம், ரெண்டுல வெச்சுக்கலாம்" என்று மேடையிலேயே சொல்லிவிடுவார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். எனக்கோ பாட்டின் அடி சுரமே கம்பியில் இருக்காது. ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்தால் பல்லவி காலியாகக் கேட்கும். ராஜா பாட்டுகளில் இது இன்னும் மோசம், அங்கே பேஸ் இரண்டாவது பாடகர் மாதிரி தனி மெட்டோடு நடக்கும். பாதி வரியை மேலே தூக்கி வைத்தால் அந்த நடையே உடைந்துபோகும். ஐந்தாவதாக ஒரு பி (B) கம்பி இருந்தால் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம், தொல்லை தீர்ந்தது.

தீர்ந்தது என்று சொன்னாலும் பி கம்பிக்கு ஒரு குணம் உண்டு, தொளதொளப்பு. 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த கம்பி நீளம், அதாவது கழுத்து நுனியில் கம்பி தங்கும் நட் முதல் உடலில் தங்கும் பிரிட்ஜ் வரை, 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதே அளவுதான். நான்கு கம்பிக்கு அது அருமை. பி கம்பிக்குக் கொஞ்சம் பற்றாது. சிலர் ஃப்ரெட்டுகளை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை, விசிறி மாதிரி விரித்து, தடித்த கம்பிக்கு நீளமும் மெல்லிய கம்பிக்குக் குறைவும் கொடுப்பார்கள். டிங்வால் என்ற கம்பெனியின் பேஸில் பி கம்பி 37 அங்குலம் வரை போகும். எனக்கு அந்தச் சாய்ந்த ஃப்ரெட்டுகள் கண்ணுக்கே ஒத்துவரவில்லை.

பட்டறைக்காரர் 35 அங்குலம் என்றார். கை எட்டுமா என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்காமல் ஒரு பிளைவுட் துண்டில் 35 அங்குலக் கணக்குக்கு ஃப்ரெட் கோடுகளைக் கீறிக் கையில் கொடுத்தார். முதல் ஃப்ரெட்டுக்கு ஒன்றரை மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. நான்கு ஃப்ரெட் தாண்டினால் 5 மி.மீ. அவ்வளவுதான். ஆனால் அதே தடிமன் கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடுகிறது. அந்த 6 சதவீதத்தை விரலில் உணர முடிகிறது. கீழ் டி-யை அழுத்தினால் "டும்" என்று ஒரு இடத்தில் நிற்கிறது, முன்பு கடன் வாங்கி வாசித்த ஐந்து கம்பி பேஸ்களில் "டுவ்வ்" என்று இழுக்கும். ஒரே எச்சரிக்கை: 35 அங்குலத்துக்குச் சில செட் கம்பிகள் எட்டாது, வாங்கும் முன் அந்தக் கம்பியின் மொத்த நீளத்தைப் பார்க்க வேண்டும்.

மரம் பற்றி எல்லாரும் நிறையப் பேசுவார்கள். நானும் ஆசையாகப் பலா மரம் கேட்டேன், தஞ்சாவூர் வீணை பலாவில்தானே செய்கிறார்கள் என்று. பட்டறைக்காரர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். வீணையில் குடம்தான் ஒலிக்கிறது, எலெக்ட்ரிக்கில் பிக்கப்புக்கு, அதாவது கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளுக்கு, கேட்பது கம்பியின் அசைவு, முழுப் பலாவில் செய்தால் உங்கள் தோளுக்குத்தான் முதலில் தெரியும் என்றார். கடைசியில் உடல் லேசான மகோகனி, மேலே மட்டும் 6 மி.மீ. பலா. இப்போது மஞ்சளாக இருக்கிறது, பலா நாளாக நாளாகப் பழுப்பேறும். ஃபிங்கர்போர்டு ஈட்டி மரம். மரத்தால்தான் ஒலி இனிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். கம்பி, பிக்கப், விரல், இந்த மூன்றுக்கும் அப்புறம்தான் மரம்.

தோள் விஷயம்தான் எனக்கு முக்கியம். பேஸின் நெக் (கழுத்து) நீளம், நுனியில் சுருதி சேர்க்கும் ஐந்து கீ. கையை எடுத்தால் தலை தரையைப் பார்க்கப் போகும். இடது கை வாசிக்கவும் வேண்டும், நெக்கைத் தாங்கவும் வேண்டும். நள்ளிரவுக்கு மேல் மணிக்கட்டு கெஞ்சும். இதற்கு மருந்து உடலின் மேல் பக்கம் நீண்டிருக்கும் கொம்பின் நீளத்தில் இருக்கிறது. ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக வந்தால் கருவி பெரும்பாலும் சமமாக நிற்கும். பட்டறையில் அட்டையில் உடலை வெட்டி, நுனியில் எடைக்கல் கட்டி, என் தோளில் மாட்டிப் பார்த்து, கொம்பை இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள். கீகளும் எடை குறைந்த வகை. 24 ஃப்ரெட் வேண்டாம், பழைய பிரிசிஷன் மாதிரி 20 போதும் என்றேன். அந்த மேல் ஃப்ரெட்டுகளில் கல்யாண வீட்டில் யாருக்கு என்ன வேலை? மொத்த எடை 3.9 கிலோ. கையை விட்டால் அப்படியே நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

அடுத்தது இரைச்சல். மண்டபத்தில் சீரியல் பல்பு, டிம்மர், வாசலில் ஜெனரேட்டர், எர்த் இருக்கிறதா என்பது மண்டபக்காரருக்கே தெரியாது. ஒற்றைச் சுருள் பிக்கப் இதையெல்லாம் வாங்கி "ங்ங்" என்று பாடும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பையும் முழுதாக வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வந்துவிடும். அதனால் நடுவில் பிரிசிஷன் வகை. அது இரண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பதால் இரைச்சல் தானே வெட்டுப்படும். பிரிட்ஜ் பக்கம் இரைச்சல் வெட்டும் இன்னொன்று. இங்கே பட்டறைக்காரரே ஒரு யோசனை சொன்னார். வழக்கமான பிரிசிஷனில் தடித்த கம்பிகளின் துண்டு நெக் பக்கம் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டு, தடித்த கம்பிகளின் துண்டைப் பிரிட்ஜ் பக்கம் கொண்டுவந்தார். பி கம்பி இன்னும் தெளிவாகிவிட்டது. மெல்லிய கம்பிகளும் கொஞ்சம் குண்டாகப் பேசுகின்றன, அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சுற்று. பேட்டரி எப்போதும் முக்கியமான பாட்டில்தான் சாகும். எனவே வால்யூம் குமிழை மேலே இழுத்தால் பேட்டரி இல்லாமலே வேலை செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், செய்திருக்கிறார்கள். கேபிளைச் சொருகி வைத்தாலே பேட்டரி கரையும், இடைவேளையில் பிடுங்கிவிடுவது நல்லது.

நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு முடியும் இடம் உடலுக்குப் பக்கத்திலேயே வெளியே தெரிகிறது. ஓட்டைகள் போட்ட சின்னச் சக்கரம். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துக் கொஞ்சம் திருப்பினால் நெக்கின் வளைவு மாறும், எதையும் கழற்ற வேண்டாம். மெரினா காற்றில் ஒரு நாள், குளிர்பதன மண்டபத்தில் மறுநாள் என்று அலைகிற கருவிக்கு இது ஆடம்பரம் இல்லை. நெக்குக்குள் இரண்டு கார்பன் ஃபைபர் கம்பிகளும் இருப்பதால் அடிக்கடி தொட வேண்டியும் வரவில்லை. நெக்கின் பக்கவாட்டில் இருட்டில் ஒளிரும் புள்ளிகள். ஒளியமைப்பாளர் மேடையை நீலமாக்கிவிட்டுப் புகையையும் விடும்போது அதன் அருமை தெரியும்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதி ஒன்று, வந்த தேதி வேறு. ஒரு முகூர்த்த சீசன் முழுக்க நழுவிப்போனது. போன் செய்தால் "பாலிஷ்ல இருக்கு சார்" என்ற ஒரே பதில். பலாவின் மேல் எண்ணெய் பாலிஷ் கேட்டது நான்தான், பார்க்க அழகு, ஆனால் முழங்கை படும் இடத்தில் வியர்வைத் தடம் விழுகிறது. இந்த ஊர் வியர்வையை நினைத்து அவர்களே கெட்டியான லாக்கர் சொல்லியிருக்கலாம். குமிழ்கள் மிக நெருக்கம், பாட்டின் நடுவே ட்ரெபிள் குமிழைத் தொடப்போய் பேஸ் குமிழையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறேன். சில மாதம் கழித்து ஃப்ரெட் முனைகள் விரலில் கீறின. ஈட்டி மரம் ஈரம் இழந்து சுருங்கினால் அப்படி ஆகும். பட்டறையில் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தார்கள், கூரியர் செலவு மட்டும் என்னுடையது.

இன்னொன்று, இதைத் திரும்ப விற்க முடியாது. என் கைக்கும் என் தோளுக்கும் செய்ததை இன்னொருவர் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார். புதிதாக வாசிக்கப் பழகுகிறவர்கள் கடையில் தொங்கும் ஐந்து கம்பியை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி இரண்டு மூன்று வருஷம் வாசியுங்கள். எது வலிக்கிறது, எது இரைகிறது என்று தெரிந்த பிறகுதான் பட்டறைக்காரரிடம் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும்.

ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் கம்பி நீளம், நட் அகலம், பிரிட்ஜில் கம்பி இடைவெளி (என்னுடையது 18 மி.மீ.), எடையின் உச்ச வரம்பு, நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் அதற்கு முந்தைய ஆவணியிலேயே சொல்லிவிட்டால் தையில் கைக்கு வர ஒரு வாய்ப்பாவது இருக்கும்.