1,20,000 கி.மீ. சர்வீஸ் பேக்கேஜ்: எதைச் செய்தேன், எதை விட்டேன்

என் காருக்கு 9 வயது. பெட்ரோல், மேனுவல் கியர், இதுவரை ஓடியது 1,18,400 கி.மீ. நான் இரண்டாவது ஓனர். ஆயில் மாற்றலாம் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால் கையில் ஒரு எஸ்டிமேட்டைக் கொடுத்தார்கள். மேலே "1,20,000 பேக்கேஜ்" என்று தலைப்பு, கீழே 14 வேலைகள். "இவ்வளவு ஓடின வண்டிக்கு இதெல்லாம் பண்ணித்தான் சார் ஆகணும்" என்றார் அட்வைசர். கையெழுத்துப் போடாமல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேக்கேஜில் எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று ராத்திரி டேஷ்போர்டு டிராயரில் கிடந்த மேனுவலை எடுத்து, அதிலுள்ள பராமரிப்பு அட்டவணையையும் எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 14 வேலைகளில் இந்தக் கிலோமீட்டருக்கு என்று அட்டவணையில் இருந்தவை ஐந்துதான்: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில். மிச்சம் 9 வேலைகளைச் சர்வீஸ் சென்டர் தானாகச் சேர்த்திருக்கிறது.

மேனுவலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அட்டவணை இரண்டு இருக்கிறது, சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடினமான ஓட்டத்துக்கு ஒன்று. கடினம் என்றால் மலைப்பாதை, பாரம் இழுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். தூசி, நெரிசலில் நின்று நின்று போவது, குறைந்த தூரத்துக்கு அடிக்கடி எடுப்பது எல்லாமே அதில் வருகிறது. நான் தினமும் போக 4, வர 4 கி.மீ. ஓட்டுகிறேன். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறேன், அதனால் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. ஆக, 10,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றும் ஆயிலை நான் 5,000க்கே மாற்ற வேண்டும். எஸ்டிமேட்டில் இது பற்றி ஒரு வரி இல்லை. பேக்கேஜ் சில இடத்தில் அதிகம் கேட்கிறது, சில இடத்தில் வண்டிக்கு வேண்டியதைக் கூடக் கேட்பதில்லை.

இன்ஜின் ஃப்ளஷ், அதாவது ரசாயனம் ஊற்றி இன்ஜினின் உள்பக்கத்தைக் கழுவுவது, வேண்டாம் என்று உடனே அடித்துவிட்டேன். மேனுவலில் அந்தப் பேச்சே கிடையாது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு அதில் பெரிய பலன் இல்லை. மாற்றாமல் விட்ட இன்ஜினில் பல வருடமாக ஒட்டிக் கிடக்கும் கசடு ஒரேயடியாகக் கழன்று ஆயில் இழுக்கும் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வதும் அப்படித்தான். வண்டி திணறினால், ஐடிலில் நடுங்கினால், மைலேஜ் விழுந்தால் அப்போது யோசிக்கலாம். என் வண்டியில் மூன்றும் இல்லை. ஸ்பார்க் பிளக் 95,000 கி.மீ.யில்தான் மாற்றியிருக்கிறது, பழைய பில் இருக்கிறது. போட்டிருப்பது இரிடியம் பிளக், அட்டவணைப்படி அடுத்த லட்சம் கி.மீ. வரை தாங்கும். பழைய பில்லைப் பார்த்திருந்தாலே அது எஸ்டிமேட்டில் வந்திருக்காது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மாற்றி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, எங்கள் மேனுவலில் 5 வருடம் போட்டிருக்கிறது, அதையும் விட்டேன். கூலன்ட் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பச்சையா சிவப்பா என்று நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலில் சொல்லியிருக்கிற வகை எது என்றுதான் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயிலை மட்டும் யோசிக்காமல் சரி என்றேன். பலர் வேண்டாம் என்று தள்ளுவது இதைத்தான், எனக்கு அது பயமாக இருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும், வண்டி ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வரும்போது சூட்டில் அது கொதித்து உள்ளே ஆவி கட்டினால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். என் வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார்கள், தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கறுத்த டிகாஷன் மாதிரி கிடந்தது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று எந்த பில்லிலும் இல்லை.

ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் வாங்கி நானே போட்டேன், இரண்டுக்கும் சேர்த்து 15 நிமிடம்.

இனி பேக்கேஜில் இல்லாதவை. எனக்கு வருத்தம் இங்கேதான். பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று நேரம் தவறாமல் அசைய வைப்பதற்கு இந்த இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் இல்லை. மேனுவலில் 1,00,000 கி.மீ. அல்லது 7 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. இரண்டுமே தாண்டிவிட்டது, முதல் ஓனர் மாற்றியதற்கு எந்தப் பதிவும் இல்லை. அட்வைசரைக் கேட்டால் "சத்தம் ஏதும் வரலையே சார், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பெல்ட் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு அறுவதில்லை. என் இன்ஜின் மாதிரியான அமைப்பில் அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை அடிக்கும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது. 14 வேலை எழுதிய தாளில் இந்த ஒன்றை விட்டிருக்கக் கூடாது.

பெல்ட்டுக்காக எனக்குப் பழக்கமான தனி மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் எழுதுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச்சைக் கையில் கொடுத்து "நீங்களே பாருங்க" என்றார். இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ரிம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தது. சக்கரத்தைச் சுற்றும் ஆக்ஸிலின் ஜாயின்ட்டை மூடியிருக்கும் பூட் ரப்பரில் ஒரு மடிப்பு நீளத்துக்குக் கிழிசல், விரலால் அழுத்தினால் வாய் திறக்கிறது. உள்ளே இன்னும் மணல் போகவில்லை, ஜாயின்ட் நன்றாக இருந்தது, அதனால் பூட்டும் கிரீஸும் மாற்றியதோடு முடிந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் வந்து ஆக்ஸிலையே மாற்ற வேண்டியிருக்கும். அதே பக்கம் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் வெடித்திருந்தது. கடப்பாரை வைத்து நெம்பிக் காட்டினார், ஆர்ம் தனியாக ஆடியது. பேக்கேஜில் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் இருந்தது, வெடித்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அதைச் செய்திருந்தால் அந்தக் காசு வீண்தான். புஷ் மாற்றியபிறகு செய்தோம்.

பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். இந்த வண்டியில் பம்ப் அந்த பெல்ட்டில்தான் சுற்றுகிறது, பிறகு பம்ப் ஒழுகினால் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். பம்ப் கழற்றியதால் கூலன்ட்டும் புதிதாக ஊற்ற வேண்டி வந்தது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், மடக்கினால் பல்லின் அடியில் முடி அளவு கோடுகள்.

சர்வீஸ் சென்டருக்கு என் மதிப்பெண் 5க்கு 2.5. ஆயில் வேலையும் பிரேக் ஆயில் வேலையும் சுத்தமாகச் செய்தார்கள், நான்கு சக்கரத்திலும் பழையது முழுக்க வெளியேறும்வரை பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள், வேண்டாம் என்ற வேலைகளுக்கும் முகம் சுளிக்கவில்லை. மதிப்பெண் குறைத்தது வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே எஸ்டிமேட் போட்டதற்கும் பெல்ட்டை விட்டதற்கும். ஆயில் மாற்ற மறுபடி அங்கேயே போவேன், பேக்கேஜ் எடுக்க மாட்டேன். தனி மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு 5. வேலை முடித்ததும் டைமிங் கவர் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பெல்ட் மாற்றிய தேதியையும் 1,18,650 கி.மீ. என்பதையும் மார்க்கரில் எழுதிவிட்டார், நான் கேட்காமலே.