ஒலியில் தேறியது, எழுத்தில் கோட்டை விட்டது

எந்த நாட்டவர் என்று பிரெஞ்சில் சொல்லக் கற்றுத்தரும் இந்த இலவசச் செயலியை, ஒலிப்பதிவுக்காகவே ஒருமுறை திறந்து பார்க்கலாம். பிரெஞ்சுக்காரருக்கு ஆண்பால் ‘ஃப்ரான்ஸே’, எழுத்தில் வரும் கடைசி எஸ் ஊமை. பெண்பாலுக்கு ஒரு இ சேர்ந்ததும் அந்த எஸ் விழித்துக்கொண்டு, இசட் ஆகி அதிர்கிறது. இந்தியனுக்கான சொல் மூக்கொலியோடு நின்றுவிடும். இந்தியப் பெண்ணுக்கு எழுத்தில் என் இரட்டித்து, ‘எந்தியென்’ என்று கடைசி ‘ன்’ தெளிவாக விழும். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு எது பெண்பால் என்று கேட்கிறார்கள். இருபது தடவை கேட்டால் காது பிடித்துக்கொள்ளும். ‘எஸ்பஞோல்’ (ஸ்பானியர்) இருபாலுக்கும் ஒரே ஒலி, எழுத்தில்தான் இ கூடும். ‘பெல்ஜ்’ (பெல்ஜியர்), ‘ரூஸ்’ (ரஷ்யர்) மாறவே மாறா. இதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

எழுத்துப் பயிற்சிதான் சொதப்பல். பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, எதை அடித்தாலும் பச்சை டிக். ‘ஜ ஸுய்’க்கு (‘நான்’ என்று தொடங்கித் தன்னைச் சொல்வது) பின் நாட்டவர் பெயர் அடைமொழி: சிறிய எழுத்து, முன்னால் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’ கிடையாது. ‘ஸெத் அன்’ (‘இவர் ஒரு’) என்று தொடங்கினால் அதுவே பெயர்ச்சொல். பெரிய எழுத்து கட்டாயம். மொழியின் பெயருக்கு எப்போதும் சிறிய எழுத்துதான். ஆங்கிலப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து போடுபவரை இந்தச் செயலி கடைசிவரை திருத்தாது. ‘இல் ஏ’ (‘அவர்’) என்று தொடங்கி, ‘அன்’ சேர்த்து ‘இல் ஏ அன் ஃப்ரான்ஸே’ என்று அடித்தால் சிவப்பு காட்டுகிறது. ஏன் என்று ஒரு வரி இல்லை.

பெரிய ஓட்டை படிவம் நிரப்பும் பகுதியில். ‘நாஸியொனாலித்தே’ (குடியுரிமை) என்ற கட்டத்தில் ஆணும் ‘எந்தியென்’ என்று பெண்பாலில்தான் எழுத வேண்டும். அடைமொழி ஒத்துப்போவது ஆளோடு அல்ல, ‘நாஸியொனாலித்தே’ என்ற பெண்பால் சொல்லோடு. பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் மீசைக்காரருக்கும் ‘ஃப்ரான்ஸேஸ்’ என்றுதான் அச்சாகியிருக்கும். (1962-க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல.) செயலியோ ஆண் படத்தைக் காட்டி ஆண்பால் சொல்லையே சரி என்கிறது. இதை நம்பி விண்ணப்பம் நிரப்ப வேண்டாம்.

நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. தேவைப்படுபவர்கள் ‘ஸ்ரீலங்க்கே’, பெண்பாலுக்கு ‘ஸ்ரீலங்க்கேஸ்’ என்று தாங்களே சேர்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து வருவதைச் சொல்ல ‘து ஸ்ரீலங்கா’. இந்தியா பெண்பால் நாடு, உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘இந்தியாவிலிருந்து’ என்பதற்கு ‘தேந்த்’. ‘தமூல்’ (தமிழ்) இனத்தையும் மொழியையும் குறிக்கும், ‘நாஸியொனாலித்தே’ கட்டத்துக்கு உதவாது.

ஐந்து கேள்விக்கு ஒரு விளம்பரம் வருகிறது. ஒலிப் பயிற்சியின் நடுவே வந்தால் முதல் கேள்விக்கே தள்ளிவிடும். பாடத்தை இறக்கிக்கொண்டு ஏர்பிளேன் மோடில் செய்தால் தொல்லையில்லை.