இரட்டைப் பிள்ளை, சிக்கலான கர்ப்பம்: கொழும்பில் அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா?

வயிற்றில் இரட்டைப் பிள்ளை, அதுவும் ஒரே நஞ்சுக்கொடி, ஒரு பிள்ளை வளர்ச்சியில் பின்தங்குகிறது என்று டொக்டர் சொல்லிவிட்டால், கொழும்பில் ஒரு குடும்பத்துக்குள் உடனே எழும் கேள்வி எங்கே பெறுவது என்பதுதான். எங்கள் வெள்ளவத்தை வீட்டிலும் அதுதான் நடந்தது. அம்மா தனியார் ஆஸ்பத்திரிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாமி, பார்க்கிற டொக்டரையே கேளுங்கள் என்றார். கடைசியில் பொரளைப் பக்கத்து அரசு மகளிர் ஆஸ்பத்திரி ஒன்றில் 31ஆவது வாரத்தில் பெற்றேன். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பேரும் சுகம். எனவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்புள்ள இரட்டைக்கு, அரசு ஆஸ்பத்திரி.

ஆனால் எல்லா இரட்டையும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு பிள்ளைக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி இருந்து வேறு சிக்கலும் வராவிட்டால் 37 வாரமளவில் பெறலாம். ஒரே நஞ்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம் என்றால் எல்லாம் நன்றாகப் போனாலும் 36 வாரத்தில் எடுத்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒரே பனிக்குடத்துக்குள் இருந்தால் தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். அதனால் 32க்கும் 34க்கும் இடையில் சிசேரியன். இதில் எது உங்களுடையது என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். பிந்தினால் சொல்வது கடினம். நஞ்சுக்கொடி எத்தனை, பனிக்குடம் எத்தனை என்று ஸ்கேன் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்களுடையது ஒரே நஞ்சுக்கொடி, இரண்டு பனிக்குடம். 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். நடுவில் ஒரு பிள்ளையின் நிறை மற்றதை விட கால்வாசிக்கு மேல் குறைந்துவிட்டது. நஞ்சுக்கொடியில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பங்கு சின்னது என்று விளங்கப்படுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு ஸ்கேனிலும் டொப்ளர் வைத்து, தொப்புள்கொடிக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். அதற்கு மேல் எனக்கு பிரஷரும் ஏறத் தொடங்கியது. இரட்டை சுமக்கிறவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூட; அதனால்தான் பலருக்கு 12ஆவது வாரத்திலிருந்தே சிறிய அளவில் அஸ்பிரின் கொடுக்கிறார்கள். இந்த நிலைமையில் 36 வாரம் போவது சந்தேகம் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது. எங்கள் முடிவுக்கு அடிப்படையே அதுதான்.

தனியாரின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனி அறை, ஏசி, இவர் பக்கத்திலேயே இருக்கலாம், நேரம் குறித்து ஸ்கேன், கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில், பல இடங்களில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருப்பார். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடு படுத்திருக்கிற ஒருத்திக்கு, பக்கத்தில் தன் ஆள் இருப்பது பெரிய ஆறுதல்.

டொக்டர்மார் விஷயத்தில் மட்டும் பலர் நினைப்பது போல இரண்டு உலகம் கிடையாது. நீங்கள் பின்னேரம் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து, பார்க்கிற விஓஜி (மகப்பேற்று நிபுணர்) பெரும்பாலும் காலையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வார்ட் ரவுண்ட் போய்விட்டு வருகிறவர்தான். வேறுபாடு, அவர் இல்லாத நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில். பெரிய அரசு மகளிர் ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கும் வார்டில் ஹவுஸ் ஒபிசர், அவருக்கு மேல் ரெஜிஸ்ட்ரார், மயக்க மருந்து டொக்டர், பிள்ளைகளின் டொக்டர் என்று ஓர் அணியே உள்ளே இருக்கும். கொழும்பின் பெரிய அரசு மகளிர் ஆஸ்பத்திரிகளில் டி சொய்சா 1879இலும் காசல் வீதி 1950இலும் தொடங்கியவை. வெளி மாவட்டங்களிலிருந்தும் கஷ்டமான கேஸ்கள் அங்கே வந்து சேருகின்றன. மற்ற இடத்தில் அபூர்வமாகப் பார்ப்பதை அங்கே அடிக்கடி பார்க்கிறார்கள். இரட்டைப் பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு இரத்தப்போக்கு கூடும் ஆபத்தும் அதிகம் என்பதால், இரத்தமும் ஒபரேஷன் அறையும் கையெட்டும் தூரத்தில் இருப்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஆனாலும் எங்களை முடிவெடுக்க வைத்தது இதுவும் அல்ல. பிறந்த பிறகு வரும் வாரங்கள்தான். ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பிரசவ நாளை நினைக்கிறார்கள். ஒபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். குறைமாதப் பிள்ளை உள்ளே இருக்கப்போவது வாரக்கணக்கில். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யும் பழக்கம் 34ஆவது வாரமளவில்தான் பிள்ளைக்கு வருகிறது. அதுவரை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாய் விட்டுத்தான் பால். அப்படியென்றால் 31 வாரத்தில் பிறக்கிற பிள்ளை, எந்தச் சிக்கலும் இல்லாவிட்டாலும், குறைந்தது மூன்று வாரம் குறைமாதப் பிள்ளைகள் பிரிவில் இருந்தே ஆகவேண்டும். 28 வாரத்தில் பிறந்தால் ஆறு வாரம். நுரையீரல் விரியவில்லை என்றால் சர்ஃபக்டன்ட் மருந்து, மூச்சுக்கு சீபாப் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம்), சிலருக்கு வென்டிலேட்டர், கிருமித்தொற்று என்றால் அதற்கு மருந்து, மஞ்சள் காமாலைக்கு வெளிச்சம், சில வாரம் கழித்து கண் பரிசோதனை. இது எல்லாமே இரண்டு தரம்.

தனியாரில் இது நாள் கணக்கில் பில் ஆகும், இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாக. நாங்கள் போய் விசாரித்த ஓர் இடத்தில் சிசேரியன் பக்கேஜ் தாளை அழகாக அச்சடித்துக் கையில் தந்தார்கள். பிள்ளைகள் பிரிவுக் கட்டணம் அதில் இல்லை. கேட்டபோது, தேவைப்பட்டால் அது வேறாக வரும் என்றார்கள். எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் முடிவு தெரியாத ஒரு செலவுக்குள் இறங்கி, பாதியில் காசு முடிந்தால் என்ன செய்வது? அந்த இடத்தில்தான் இவர் பேனையை மூடி வைத்தார். வேலைத்தலத்துக் காப்புறுதி இருக்கிறது என்று நினைப்பவர்கள், பிரசவத்துக்கு அதில் எவ்வளவு உச்சவரம்பு, பிள்ளைகள் பிரிவுச் செலவு அதற்குள் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காசு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த இடத்தின் வசதிக்கு மேல் பிள்ளைக்குத் தேவைப்பட்டால்? அம்புலன்ஸில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். எங்கள் டொக்டர் சொன்ன விஷயம் எனக்கு மறக்காது: பிள்ளையை இடம் மாற்றுவதென்றால் தாயின் வயிற்றுக்குள் வைத்து மாற்றுவதுதான் மிகப் பாதுகாப்பு. தனியாரில் பிறந்த பிள்ளைக்கு அரசு மகளிர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், ஒபரேஷன் புண்ணோடு தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். இரட்டையில் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்றும் ஆகலாம்.

தாய் பக்கத்தில் இருப்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. குறைமாதப் பிள்ளையின் குடலுக்குத் தாய்ப்பால் ஒரு பெரிய காவல். அரசு வார்டில் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. பிள்ளைகள் உள்ளே இருக்கும் வரை தாயும் அங்கேயே தங்கி, சில மணிக்கு ஒரு தரம் பால் பிழிந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அடியில் கொஞ்சம்தான் தேறும். அதையும் நர்ஸ் மிஸ்மார் வீணாக்காமல் வாங்கிக் கொடுப்பார்கள். நிலைமை சரியானதும் பிள்ளையை நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டிவிடுவார்கள். அந்த நேரம் மூச்சும் சூடும் சீராவதை மொனிட்டரிலேயே பார்த்தேன். தனியாரில் தாயை சில நாளில் டிஸ்சார்ஜ் பண்ணிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒன்று அறைக்குக் காசு கட்ட வேண்டும், அல்லது தையலோடு காலி வீதி நெரிசலில் தினமும் போய்வர வேண்டும்.

சரி, அரசு ஆஸ்பத்திரியின் கஷ்டங்களையும் சொல்லத்தானே வேண்டும். வார்டில் சனம் நிறைய. விசிட்டிங் நேரம் தவிர இவரைப் பார்க்க முடியாது. குளியலறை வரிசை, கொசு, பக்கத்துக் கட்டிலில் அழுகை. ரவுண்டில் டொக்டர்மார் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நமக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் போய்க் கேட்டால்தான் சொல்வார்கள். மொழிதான் எங்கள் ஆட்களுக்குப் பெரிய பாரம். எனக்குச் சிங்களம் ஓடும். பக்கத்துக் கட்டிலில் ஹட்டன் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்டிருந்த தங்கச்சி ஒருத்திக்கு ஒரு சொல்லும் தெரியாது. பிள்ளைக்கு என்ன மருந்து ஏறுகிறது என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அது அவளுடைய குறை அல்ல. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் தமிழ்ப் படிவம் கேளுங்கள், விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தயங்காதீர்கள்.

நடைமுறையில் எங்களைப் போலப் பலர் இரண்டையும் கலந்துதான் செய்கிறார்கள், நானும் அதையே சிபாரிசு செய்வேன். நுணுக்கமான ஸ்கேனைத் தனியாரில் எடுப்பது, விஓஜியை சனல் பண்ணி ஆறுதலாகக் கதைப்பது, பெறுவது அவருடைய அரசு வார்டில். இதற்கு ஆரம்பத்திலேயே உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் பதிந்து மிட்வைஃபிடம் கர்ப்பிணி அட்டை எடுத்திருக்க வேண்டும். தனியார் டொக்டரைப் பார்க்கிறவர்கள் இந்த அட்டையை அலட்சியம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன், பிரஷர், இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் பதிந்திருப்பது, நடு இரவில் புது டொக்டர் முன்னால் படுத்திருக்கும்போது உயிர் காக்கும். வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குக் களுபோவிலை அரசு ஆஸ்பத்திரி இன்னும் கிட்ட. காசு கட்டியும் பரவாயில்லை, ஆனால் முழுத் தனியார் வேண்டாம் என்பவர்களுக்கு, கட்டணம் அறவிடும் அரசு ஆஸ்பத்திரியான ஸ்ரீ ஜயவர்தனபுர இருக்கிறது. அதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

சென்னைக்குப் போகலாமா என்ற பேச்சும் எங்கள் வீட்டில் வந்தது. அதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. ஒரே நஞ்சுக்கொடி இரட்டையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை, ஒரு பிள்ளையின் இரத்தம் மற்றதற்குக் கூடுதலாகப் பாயும் சிக்கல் வருகிறது. ஒருவருக்குப் பனிக்குடத் தண்ணீர் வற்றும், மற்றவருக்குப் பெருகும். கடுமையாக வந்து அப்படியே விட்டால் பெரும்பாலும் இரண்டு பேரையும் இழக்க நேரிடும். 16 முதல் 26 வாரத்துக்குள் லேசரால் அந்த இரத்தக்குழாய்த் தொடர்புகளை மூடுவதே இப்போதைய முதல் சிகிச்சை. எங்களுக்கு அது வரவில்லை. கொட்டாஞ்சேனையில் தெரிந்த குடும்பம் ஒன்று இதற்காகச் சென்னை போய்வந்தது; அவர்கள் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். லேசர் தேவை என்றால் நாள் கடத்தாமல், உங்கள் விஓஜியோடு கதைத்து, செய்யக்கூடிய இடத்துக்குப் போங்கள். அங்கே அரசு, தனியார் விவாதத்துக்கு இடமில்லை. லேசர் தேவையில்லாமல் வெறும் நம்பிக்கைக்காகப் போவது வேறு. சிக்கலில்லாத இரட்டைக்கே 32 வாரத்துக்குப் பிறகு விமானத்தில் ஏற்றத் தயங்குவார்கள். அங்கே குறைமாதத்தில் பெற்றுவிட்டால், நான் மேலே எழுதிய பில் அப்படியே இந்திய ரூபாயில் வரும், உதவிக்குச் சொந்தக்காரரும் இல்லாமல்.

தனியாரை நான் எப்போது தேர்ந்தெடுப்பேன்? தனித்தனி நஞ்சுக்கொடி, நிறை இரண்டும் சமம், பிரஷர் இல்லை, 34 வாரம் தாண்டிவிட்டது என்றால் தாராளமாக. அப்போதும் முற்பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேட்பேன். எத்தனை வாரப் பிள்ளை வரை இங்கேயே பார்ப்பீர்கள், இரண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் வென்டிலேட்டர் இருக்கிறதா? இரவில் பிள்ளைகள் டொக்டர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? மாற்ற வேண்டி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, அங்கே யாரிடம் முன்கூட்டியே கதைத்து வைத்திருக்கிறீர்கள்? பதிலில் தெளிவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பேன்.

எங்கே பெறுவதாக முடிவு செய்தாலும், தாங்க முடியாத தலையிடி, கண்ணில் மின்னுவது, நெஞ்சுக்குக் கீழே வலது பக்கத்தில் நோ, பிள்ளை அசைவு குறைவது, இரண்டு மூன்று நாளில் வயிறு திடீரென ஊதுவது, தண்ணீர் போவது, இரத்தம் படுவது, இதில் ஒன்று வந்தால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அட்டையையும் கடைசி ஸ்கேன் தாளையும் ஒரு பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். 30 வாரத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள். இரட்டை 40 வாரம் வரை காத்திருப்பதில்லை.