பந்தயம் விட்டு வந்த குதிரையின் முதுகு: ஒரு வருடத்துக்கும் மேலான அனுபவம்

மாறன் பந்தயத்தில் ஓடிய தரோப்ரெட், அதாவது பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனக் குதிரை. முன்னங்கால் தசைநாரில் அடிபட்டு நீண்ட ஓய்வில் இருந்தவன், மறுபடி சவாரிக்கு வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கால் ஆறிவிட்டது, மெதுவாக ஏறலாம் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் முதுகுப் பிரச்சினை தலைதூக்கியது. அதற்காக வாங்கியவற்றையும் செய்தவற்றையும் சென்னை வெயிலிலும் மழையிலும் பார்த்தாகிவிட்டது. எது உருப்படியாக உதவியது, எது வெறும் ஆறுதல் என்பதை எழுதுகிறேன். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இந்த விவரம் சுலபமாகக் கிடைப்பதில்லை.

பிரஷ் போடும்போது முதுகெலும்பை ஒட்டிக் கை பட்டால் தோல் துடிக்கும், முதுகு சட்டென்று கீழே அமுங்கும். வயிற்று வாரை இறுக்கினால் கடிக்கத் திரும்புவான். கேன்டரில், அதாவது மிதமான ஓட்டத்தில், பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் துள்ளுவான். லாயத்தில் அவனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் முதலில் சொன்னார்: "தம்பி, சேணத்தைத் தூக்கிட்டு வந்தாலே காதை மடக்குறான். இது திமிரு இல்ல, வலி." அவர் சொன்னதுதான் சரி.

இங்கிலாந்தின் குதிரை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார். அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை, மூட்டு எங்கேயோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். வாலைச் சுழற்றுவது, காதைப் பின்னால் மடக்கியே வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது எல்லாம் அதில் வரும். யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மேலே உட்கார்ந்திருக்கும்போது புலப்படாதது அதில் பளிச்சென்று தெரியும்.

காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் மருத்துவர்தான். மாறனுக்கு எக்ஸ்ரே எடுத்ததில், சேணம் உட்காரும் பகுதியில் முதுகெலும்பின் மேல்முனைகள் ஓரிடத்தில் நெருங்கியிருந்தன; ஒன்றோடொன்று உரசவில்லை. வலியே இல்லாத பல குதிரைகளுக்கும் எக்ஸ்ரே இப்படித்தான் இருக்கும், படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்றார் மருத்துவர். பின்னங்கால் குளம்புகளையும் பார்த்தார். முன்நுனி நீண்டு, குதி தாழ்ந்து போயிருந்தது. அப்படி நிற்கும் குதிரைக்கு இடுப்பும் முதுகும் சேர்ந்து இறுகும். லாடம் அடிப்பவர் முன்நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை என்பதைத் தள்ளிப்போடாமல் பிடித்துக்கொண்டோம். வலி மாத்திரை கொஞ்ச நாள்தான், அதுவும் சவாரி இல்லாதபோது. பியூட் என்ற அந்த வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறினால் வலி மறைந்திருக்குமே தவிர போயிருக்காது. வயிற்றுப்புண்ணும் வரலாம்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. விலாக்கூடு முழுவதும் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளில்தான் தொங்குகிறது. விலா எலும்பு சேர்ந்த முதுகெலும்புகள் 18. சேணம் அந்தப் பதினெட்டாவதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. நீண்ட ஓய்வில் இந்தத் தாங்கு தசைகளும் வயிற்றுத் தசைகளும் வற்றிவிடும். அந்த நிலையில் ஆள் ஏறினால் முதுகு அமுங்கும், எலும்பு முனைகள் இன்னும் நெருங்கும், குதிரை வலியில் விறைக்கும். விறைத்த முதுகில் தசை வளராது. ஆகவே முதுகைக் கட்டி எழுப்பும் வேலை ஆள் ஏறுவதற்கு முன்பே, தரையில் நின்றுகொண்டு நடக்க வேண்டும்.

அதில் நான் முதலிடம் கொடுப்பது கேரட்டுக்கு. கொஞ்சம் நடக்கவிட்டு உடம்பு சூடான பிறகு, மாறனைச் சுவரோரம் நிறுத்தி, கேரட்டைக் காட்டித் தலையை வரவழைப்போம். முதலில் நெஞ்சுக்கு, பிறகு முழங்கால்களுக்கு நடுவே, அப்புறம் கணுக்கால் வரை. பிறகு இருபக்கமும் வயிற்று வார் இருக்கும் இடம், இடுப்பு, பின்னங்கால். ஒவ்வொன்றிலும் சில விநாடி பிடித்து நிறுத்தி, ஐந்து தடவை. கீழே குனியும்போது அடிவயிறு உள்ளிழுப்பதும் முதுகு மேலெழுவதும் பக்கத்தில் நின்றால் கண்ணுக்கே தெரியும். வலப்பக்கம் திரும்பச் சொன்னால் மாறன் ஏமாற்றுவான்: கழுத்தை வளைக்காமல் தலையை மட்டும் சாய்ப்பான், இல்லையென்றால் பின்னங்காலை நகர்த்திவிடுவான். சுவர் அதற்காகத்தான். ஸ்டப்ஸ், ஹிலரி கிளேட்டன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இதே மாதிரிப் பயிற்சியை மூன்று மாதம் செய்த குதிரைகளுக்கு முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசை பருத்திருந்தது. இங்கேயும் பலன் கைக்குத் தெரிந்தது. விரல் புதைந்த இடத்தில் இப்போது உள்ளங்கை சமமாக உட்காருகிறது. கேரட் விலை ஏறினால் குதிரைமசால் கட்டு போதும், அவனுக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்தது சவுக்குக் கட்டை. மணலில் வரிசையாகப் போட்டு, மேலே ஆள் இல்லாமல் கயிற்றில் பிடித்து நடத்துவது. நடைக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளி, டிராட் எனும் துள்ளுநடைக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர், குதிரை எட்டி வைக்கும் தூரத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பழகிய பிறகு ஒரு முனையைச் செங்கல் உயரத்துக்குத் தூக்கினோம். கட்டை உருளாமல் இரண்டு பக்கமும் மணல் அணைக்க வேண்டும். சின்ன வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், மூட்டுகள் தாங்காது. தலையைக் கட்டி இழுக்கும் வார்களும் வேண்டாம்.

சேணம் விஷயத்தில் நான் வாங்கியதிலேயே பயனுள்ள பொருள் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வளையும் ஸ்கேல். தோள் எலும்புக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி முதுகின் மேல் அதை அமுக்கி, அந்த வளைவை சார்ட் பேப்பரில் வரைந்து தேதி போட்டு வைப்பேன். பழைய கோட்டின் மேல் புதுக் கோட்டை வைத்தால் முதுகு எவ்வளவு அகன்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். கான்பூர் சேணம்தான் வைத்திருக்கிறேன், உள்ளே கம்பளி அடைத்தது. முதுகு மாற மாற அதை எடுத்துத் திரும்ப அடைக்க முடிகிறது. ஃபோம் வைத்ததில் அந்த வசதி குறைவு. சவாரி முடிந்ததும் வியர்வைத் தடத்தைப் பார்ப்பது அண்ணனின் வேலை. சுற்றிலும் நனைந்து நடுவில் ஒரு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகமோ என்று அன்றே சோதிப்போம்.

சேணத்துக்கு அடியில் மெத்தையாகப் போடும் ஆட்டுத்தோல் ஹாஃப் பேட் எனக்கு ஏமாற்றம். சரியாகப் பொருந்தும் சேணத்துக்கு அடியில் போட்டால் இறுக்கம்தான் கூடுகிறது. போதாததற்கு இந்தப் புழுக்கத்தில் காயவே காயாது. ஈரத்தோடு போட்டால் தோலில் பூஞ்சை வரும். ஜெல் பேட் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தைலமும் அப்படித்தான்: சவாரிக்குப் பிறகு தடவினால் இதமாக இருக்கும் போலிருக்கிறது, ஆனால் சேணத்துக்கு அடியில் தைலம் இருந்தால் தோல் எரியும். மசாஜ் கருவியை மாறன் சகித்துக்கொள்கிறான், அவ்வளவுதான். அண்ணன் கையால் நீவிவிடும்போது கீழுதடு தளர்ந்து தொங்குகிறது. நான் அதையே நம்புகிறேன்.

ஏறுவதற்குச் சிமெண்டில் ஒரு படி கட்டினோம். தரையிலிருந்து அங்கவடியைப் பிடித்து ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுபட்டு முதுகை முறுக்கும். முதல் பத்து நிமிடம் தளர்ந்த கடிவாளத்தில் நடை மட்டும். டிராட்டில் எழுந்து எழுந்துதான் உட்காருகிறேன்.

வடகிழக்கு மழையில் மைதானம் சேறாகி வேலை நின்றால், விறைப்பு கொஞ்சம் திரும்பி வருகிறது. அப்போது மறுபடி கேரட், கட்டை, கைப்பிடி நடை என்று பின்னால் போய்த் தொடங்குகிறோம். இடப்பக்கக் கேன்டர் இப்போது அழகாக வருகிறது. வலப்பக்கத்தில் முதல் சில எட்டு இன்னும் தடுமாற்றம்தான். தாண்டும் பயிற்சியை ஆரம்பிக்கவில்லை; மருத்துவர் இன்னொரு முறை பார்த்துச் சொல்லட்டும்.