கடைசி நேரத்தில் எந்த எண்: 108-ஆ, லிவிங் வில்லா, நோய் ஆதரவு செவிலியரா?

நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு வரை பரவியதும், இனி கீமோ வேண்டாமென்று அப்பாவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் ஓயாமல் பேசப்பட்டது ஒரே விஷயம்: மூச்சுத் திணறும்போது யாருக்குப் போன் போடுவது? அக்கா 108 என்றாள். தம்பி, குணமாக வழியில்லாத நிலையில் உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாமென்று நோயாளி முன்கூட்டியே எழுதும் லிவிங் வில் இருந்தால் போதும் என்றான். நான், வீட்டுக்கு வந்து வலியையும் அவதியையும் குறைக்கப் பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சைக் (பாலியேட்டிவ் கேர்) குழு என்றேன். கடைசியில் அந்தக் குழுவைத்தான் நம்பினோம். இந்த ஒப்பீட்டில் என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

செலவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 108 இலவசம். தனியார் ஐசியு என்ன கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முடிவைத் தீர்மானிப்பது, நடுராத்திரி போனை எடுப்பவர் என்ன செய்யக்கூடியவர் என்பதுதான்.

2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ. விபத்து, மாரடைப்பு, பிரசவம் என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஆனால் வண்டியில் வருபவரின் வேலை உயிரைப் பிடித்து வைத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. துடிப்பு இல்லையென்றால் அவர் சிபிஆர் தொடங்கத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சுக்கூடு 5 செ.மீ. உள்ளே போகும்படி அழுத்த வேண்டும். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று இதயம் நின்றால் அது உயிர் கொடுக்கும். புற்றுநோய் அரித்த உடம்பில் இதயம் நிற்பது நோயின் கடைசிப் படி. அங்கே அழுத்தினால் விலா எலும்பு முறியும், நோய் அப்படியே இருக்கும். ஒருவேளை துடிப்பு திரும்பினால் அடுத்தது குழாய், வென்டிலேட்டர். அதன் பிறகு ‘எடுத்துவிடலாமா’ என்ற கேள்வி ஐசியு வாசலில் நிற்கும் பிள்ளைகள் தலையில் விழும்.

அந்தக் கேள்விக்குத்தான் லிவிங் வில். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதற்கு இடம் கொடுத்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்போ கெசட்டட் அதிகாரி முன்போ கையெழுத்திட்டால் போதும். ஆனாலும் அதைச் செயல்படுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் இது நல்ல பாதுகாப்பு. வீட்டு வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நிற்பவர் இதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க வழியில்லை. அப்பாவும் எழுதி வைத்தார். அதை எங்கும் காட்ட வேண்டிய நிலை வரவில்லை. அதனால் டாக்டர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

நோய் ஆதரவு குழுவின் செவிலியர் செய்த பெரிய உதவி, வரப்போவதை முன்கூட்டியே சொன்னது. சாப்பாடு இறங்காது, தூக்கம் கூடும், கை கால் சில்லிடும், தொண்டையில் கரகரவென்று இழுக்கும், மூச்சு விட்டு விட்டு வரும். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: ஒருக்களித்துப் படுக்க வை, பஞ்சால் உதட்டை நனை, திணறல் கூடினால் டாக்டர் எழுதிய அளவில் மார்பின் (morphine) மாத்திரை கொடு, எனக்குப் போன் போடு. அந்த இரவில் போட்டோம். எடுத்தார். “அண்ணே, இது நாம பேசினதுதான். பக்கத்துலயே இருங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்றார். 108-க்குப் போட்டிருந்தால் அந்த நேரத்தில் வீட்டு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

இதைக் குலைக்கக்கூடியவர்கள் சொந்தக்காரர்கள். “சும்மா பார்த்துக்கிட்டா இருக்கீங்க, வண்டியக் கூப்பிடுங்கப்பா” என்று யாராவது ஒருவர் போனை எடுத்துவிட்டால் அத்தனை ஏற்பாடும் போச்சு. அதனால் சித்தப்பாவை வரவழைத்து, அப்பாவே சொன்னார்: “மூச்சு நின்னா நெஞ்ச அமுக்க விடாதீங்கடா.” பிள்ளைகள் சொன்னால் ஊர் கேட்காது. நோயாளி வாயால் வந்ததை யாரும் மறுக்கவில்லை.

இறப்புச் சான்றும் இதோடு சேர்ந்தது. வீட்டில் இறந்தால், கடைசியாகப் பார்த்துவந்த டாக்டர் காரணம் எழுதி 4ஏ படிவம் தரலாம். 21 நாளுக்குள் பதிவு செய்துவிடலாம். வண்டியில் போகும்போது உயிர் பிரிந்தால், அதுவரை அவரைப் பார்த்தேயிராத டாக்டர் கையில் உடல் போகும். போலீஸுக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை என்று இழுபட வாய்ப்பு உண்டு.

நான் பார்த்தது புற்றுநோய் மட்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு நெருக்கடி வந்து மீள்வதும் உண்டு. அவர்களுக்கு எப்போது போதும் என்பதை அவர்களுடைய டாக்டர்தான் சொல்ல முடியும். புற்றுநோயிலும், விழுந்து எலும்பு முறிந்தாலோ ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ 108-ஐக் கூப்பிடத்தான் வேண்டும்.

குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குப் போனை யார் எடுப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய் ஆதரவு செவிலியர் வீடு தேடி வருகிறார். ஆனால் பகலில் வருவது வேறு, ராத்திரி போன் எடுப்பது வேறு. 4ஏ யார் தருவார் என்பதையும் கேளுங்கள். மார்பின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் வாங்க வேண்டும். சனி, ஞாயிறுக்குப் போதுமான மாத்திரை இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.